கோல்ஃப் மைதானத்தின் பின்கட்டு

நவம்பர் காலை, மணி ஏழு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்னும் விடியவில்லை. கடற்காற்று காதைப் பிய்க்கிறது. ஆனால் புல்லைப் பராமரிப்பவர்களின் கொட்டகைக்குள் ட்யூப்லைட் எரிகிறது, கெட்டில் கொதிக்கிறது, யாரோ எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஓப்பன் சாம்பியன்ஷிப்பை டி.வி.யில் பார்ப்பவர்கள் கண்ணில் ஒருநாளும் படாத இடம் இது. நம்மை உள்ளே விட்டுவிட்டார்கள்! சீக்கிரம் வாங்க, கதவைச் சாத்தணுமாம், சூடு வெளியே போகிறதாம்.

பெட்ரோல் வாசனையும் ஈரப்புல் வாசனையும் சேர்ந்து அடிக்கிறது. ஹீட்டர் மேல் காயும் கையுறைகளில் ஒன்றுக்கும் ஜோடி இல்லை. மூலையில் சுருட்டி வைத்த கொடிகள், வெள்ளை ஒரு கட்டு, சிவப்பு ஒரு கட்டு. ஓல்ட் கோர்ஸ் என்னும் இந்த மைதானத்தில் கடைக்கோடிக்குப் போகும் வழியில் வெள்ளைக் கொடி, ஊர்ப்பக்கம் திரும்பும் வழியில் சிவப்பு. ஏனென்றால் இங்கே ஒரே க்ரீனில், அதாவது குழி இருக்கும் அந்த வழவழப்பான புல்திட்டில், இரண்டு குழிகள். இப்படி ஏழு இரட்டைத் திட்டுகள். இரண்டாவது குழிக்குக் கூட்டாளி பதினாறாவது, மூன்றாவதுக்குப் பதினைந்தாவது. எந்த ஜோடியைக் கூட்டினாலும் பதினெட்டு வரும்! அந்தப் பக்கமிருந்து ஒரு குழுவும் இந்தப் பக்கமிருந்து ஒரு குழுவும் ஒரே திட்டுக்கு வந்து சேர்வதைப் பார்க்கவே அத்தனை குஷியாக இருக்கிறது.

"இருட்டுல எது சிவப்பு எது வெள்ளைன்னு தெரியுதா தம்பி?" என்று மூத்தவர் கேட்கிறார். கொடிக்கட்டைத் தோளில் போட்ட பையன், "மோந்து பாத்தே சொல்லிடுவேன்!" என்கிறான். டீ புரையேறும் அளவுக்குச் சிரிப்பு.

வெளியே வந்தால் கிழக்கே ஒரு கீற்று வெளிச்சம். தரையைப் பாருங்கள், ஓர் இடமாவது சமதளமாக இருக்கிறதா? கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டு நிலம் இது. ஏர் ஓட்ட உதவாது. ஆடு மேய்ந்தது, முயல் குழி தோண்டியது, ஊர்க்காரர்கள் பந்து தட்டினார்கள். இங்கே கோல்ஃப் ஆட ஊராருக்குள்ள உரிமையை 1552-லேயே பேராயர் ஜான் ஹாமில்டன் எழுதிக் கொடுத்துவிட்டார். லிங்க்ஸ் என்று இந்த நிலத்துக்குப் பெயர். மணல் என்பதால் மழை பெய்த சுவடே தெரியாமல் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதனால்தான் இந்தக் குளிரிலும் ஆட்டம் நடக்கிறது.

இப்போது நான் காட்ட ஆசைப்பட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். பங்கர்! பந்தை விழுங்கும் மணல்குழி. ஓல்ட் கோர்ஸில் இவை 112 இருக்கின்றன. குழியின் முன்சுவர் செங்குத்தாக நிற்கிறதே, அது எதனால் கட்டியது தெரியுமா? புல்லால். மண்ணோடு வெட்டியெடுத்த புல் பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இரண்டு பேர் முழங்காலிட்டிருக்கிறார்கள், பேன்ட் முட்டிவரை சேறு. ஒருவர் பாளத்தை வைத்து, நல்ல கொத்தனார் நூல் பிடிப்பது போல ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறார். அடுத்த வரி ஒரு விரலளவு உள்தள்ளி. பின்னால் மண்ணைக் கொட்டி இன்னொருவர் காலால் மிதிக்கிறார். மறுபடி ஒரு வரி. அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்வை வழிகிறது. வரி கோணலானால் பிரித்துவிட்டு முதலிலிருந்து. ரேடியோவில் ஏதோ பாட்டு, யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இவ்வளவு பாடுபட்டும் சுவரின் ஆயுள் சில வருஷங்கள்தான். வெயில் படும் தெற்குப் பார்த்த சுவர் இன்னும் சீக்கிரம் காய்ந்து உதிரும். அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பகுதியைப் பிரித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இயற்கையாக அமைந்தது என்று உலகமே கொண்டாடும் மைதானத்தில் எத்தனை கையின் ரேகை! என் மனம் நிறைந்துபோனது இங்கேதான்.

2000-ஆம் ஆண்டு ஓப்பனில் டைகர் உட்ஸ் நான்கு சுற்றிலும் ஒரு பங்கரில்கூட விழவில்லை. அதை நான் வியந்து சொன்னதும், மண் மிதித்துக்கொண்டிருந்தவர் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். "நாங்க மாஞ்சு மாஞ்சு கட்டுறோம், ஒண்ணுலயாவது எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கலாம்!" மற்றவர்களை இந்தக் குழிகள் நன்றாகவே கவனித்திருக்கின்றன. 1978-இல் ஜப்பானின் நகாஜிமா பதினேழாவது க்ரீனில் தட்டிய பந்து உருண்டு பங்கருக்குள் போனது. பதினேழாவது குழியை முடிக்க அவர் 9 முறை அடிக்க வேண்டியிருந்தது. 1995-இல் ஜாக் நிக்லஸ் பதினான்காவது குழியின் 'ஹெல்' என்னும் மணல்பள்ளத்திலிருந்து வெளியே வரவே 4 முறை அடித்தார். சுவரைத் தட்டிக்கொடுத்தபடி இந்தக் கதைகளைச் சொல்லும்போது அவர் முகத்தில் என்ன பெருமிதம்!

எட்டரை மணி. கேடிகள் வந்துவிட்டார்கள். கோல்ஃப் பையைச் சுமந்து, வழி சொல்லி, காற்றைக் கணித்து, ஆட்டக்காரரின் சோகத்தையும் சேர்த்துத் தூக்கும் ஆட்கள். ஒருவர் சட்டைப்பையில் பாதி பிஸ்கட், மறுபையில் மழைக்குச் சுருட்டிய தொப்பி. எல்லார் கையிலும் சின்னச் செயற்கைப்புல் விரிப்பு. குளிர்கால மாதங்களில் ஃபேர்வேயில், அதாவது க்ரீனுக்குப் போகும் வெட்டிய புல்பாதையில், விழுந்த பந்தை இந்த விரிப்பின் மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். புல்லுக்குக் காயம் படக்கூடாதாம். "அந்தப் புதருக்கு இடப்பக்கம் அடிக்கவா, வலப்பக்கமா?" என்று ஒருவர் கேட்கிறார். "நேத்து ரெண்டு பக்கமும் போய்ப் பாத்துட்டீங்க சார், இன்னிக்கு நடுவுல போகலாம்" என்கிறார் கேடி, முகத்தில் துளி மாற்றமில்லாமல்.

முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் குறுக்கே ஒரு பொதுச்சாலை ஓடுகிறது, நம்புவீர்களா? கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்று பெயர். கடற்கரைக்கு நாயைக் கூட்டிப்போகும் ஒரு பாட்டி சாலையில் இறங்குகிறார். கேடி கை காட்டுகிறார், ஆட்டக்காரர் மட்டையைத் தாழ்த்துகிறார், பாட்டி அவசரமே இல்லாமல் கடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் மைதானமே பாட்டிக்கும் நாய்க்கும்தான். பெரிய போட்டி நாட்கள் தவிர, ஓல்ட் கோர்ஸில் ஞாயிறு ஆட்டம் கிடையாது. ஆடுபவனுக்கு வேண்டாவிட்டாலும் நிலத்துக்கு ஓய்வு வேண்டும் என்று அந்த வழக்கத்தில் உறுதியாக நின்றவர் ஓல்ட் டாம் மாரிஸ். 1903 வரை இந்தப் புல்லைக் காத்த பெரியவர். எதற்கும் மணல் போடு என்பதுதான் அவர் வைத்தியம், இன்றைக்கும் கொட்டகையில் அதே வைத்தியம்.

இந்த டாம் அதற்கு முன் ஒரு சண்டையால் ஊரைவிட்டுப் போய்த் திரும்பியவர். அந்தக் காலத்துப் பந்து தோலுக்குள் வாத்து இறகைத் திணித்துத் தைத்தது. ஒரு தொப்பி நிறைய இறகு ஒரே பந்துக்குள் போகும்! அதைச் செய்து விற்ற ஆலன் ராபர்ட்சனிடம் டாம் வேலை பார்த்தார். அப்போது மலேயா காட்டு மரப்பாலில் செய்த மலிவான பந்து வந்து சேர்ந்தது. டாம் அதை வைத்து ஆடியதை முதலாளி பார்த்துவிட்டார், உறவு முறிந்தது. 1851-இல் டாம் குடும்பத்தோடு மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட்விக்குக்குப் போய் அங்கே 12 குழிகள் அமைத்தார். 1860 அக்டோபர் 17-ஆம் தேதி, 8 பேர் அதை ஒரே நாளில் மும்முறை சுற்றினார்கள். அதுதான் முதல் ஓப்பன். வில்லி பார்க் ஜெயித்தார், டாமுக்கு இரண்டாம் இடம்.

நாமும் அங்கேயே போவோம். பிரெஸ்ட்விக்கில் முதல் அடியே வயிற்றைக் கலக்கும். வலப்பக்கம் கல் சுவர், சுவருக்கு அப்பால் ரயில் பாதை. ஒரு பந்து சுவரைத் தாண்டுகிறது, அதே நேரம் ரயில் தடதடவென்று போகிறது. "இந்நேரம் கிளாஸ்கோ போய்ச் சேர்ந்திருக்கும்." "டிக்கெட்கூட எடுக்காம!" புல் வெட்டிக்கொண்டிருந்த இருவரின் உரையாடல் இது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் எல்லாவற்றையும் திறந்து போட்டிருக்கிறது என்றால், பிரெஸ்ட்விக் எதையும் காட்டாது. ஐந்தாவது குழிக்கு 'இமயமலை' என்று பெயர். எதிரே மணல்மேடு எழும்பி நிற்கிறது, அதற்குப் பின்னால்தான் க்ரீன். பார்க்கவே முடியாத இடத்துக்கு அடிக்க வேண்டும்! பதினேழாவது 'ஆல்ப்ஸ்', டாம் காலத்திலிருந்து இருப்பது. மேட்டைத் தாண்டி அடித்தால் அந்தப்புறம் 'சஹாரா' என்னும் பெரிய மணல்பள்ளம் காத்திருக்கும். முன்னால் போனவர்கள் ஆடி முடித்ததும் மணி அடிப்பார்கள், அதைக் கேட்டுத்தான் பின்னால் வருபவர் அடிக்கலாம். அந்த மணியை நான் அடித்துப் பார்த்தேன்! கணீரென்று மேட்டைத் தாண்டிப் போனது. மறுபக்கத்திலிருந்து நன்றி சொல்லி ஒரு குரல் வந்தது, ஆள் முகம் தெரியவில்லை.

கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் 1925-க்குப் பிறகு ஓப்பன் இங்கே நடக்கவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான். பெரிய போட்டி தொடர்ந்திருந்தால் பார்வையாளர் மேடைக்கும் கேமராவுக்கும் வழிவிட்டு இந்த மேடுகளில் ஒன்றிரண்டு கரைந்திருக்கும்.

ஆனால் என் செல்லம் எது என்று கேட்டால் நார்த் பெர்விக்தான். எடின்பரோவிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம். கடலுக்குள் பாஸ் ராக் பாறை. கோடையில் கேனட் பறவைகளால் வெள்ளை பூசிக்கொள்ளும் பாறை இப்போது காலியாக நிற்கிறது. இங்கே பதின்மூன்றாவது க்ரீனுக்கு முன்னால் ஒரு கல் சுவர் குறுக்கே போகிறது. ஆம், ஆட்டத்துக்கு நடுவில் சுவர்! இடிக்கலாம் என்று இங்கே யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், உங்களை ரயிலேற்றி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. சுவரோரம் ஒருவர் உட்கார்ந்து கத்தரிக்கோலால் புல்லை நறுக்கிக்கொண்டிருக்கிறார். மெஷின் போகாத இடமெல்லாம் கைதான்.

பதினைந்தாவது 'ரீடன்'. உலகத்தில் அதிகம் நகலெடுக்கப்பட்ட குழிகளில் ஒன்று. க்ரீன் ஆட்டக்காரரைவிட்டு விலகிச் சாய்கிறது. நேராகக் குறிவைத்தால் கதை முடிந்தது, வலப்பக்கம் இறக்கிச் சரிவில் உருளவிட வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்த அமெரிக்கர் சி.பி. மெக்டொனால்ட் இதைப் பார்த்துத்தான் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒன்று அமைத்தார். அடுத்த குழியில் க்ரீனே நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு மேடாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தில் புல் வெட்டும் இயந்திரத்தை இறக்கி ஏற்றுவதைப் பாருங்கள். தள்ளுபவர் காது சிவந்து, மூச்சு புகையாக வருகிறது. ஏறியதும் திரும்பிப் பார்த்து, வெட்டிய கோடு நேராக இருக்கிறதா என்று சரிபார்க்கிறார். இல்லை. மறுபடி இறங்குகிறார்.

கடைசிக் குழியின் வலது ஓரம் முழுக்கத் தெரு, தெரு முழுக்க நிறுத்திய கார்கள். வீடு திரும்பும் கடைசி அடி அந்தக் கண்ணாடிகளின் பக்கத்தில்தான் பறக்க வேண்டும். ஆட்டக்காரர் ஒருவர் மட்டையோடு தயங்கித் தயங்கி நிற்க, அவருடைய கேடி, "தைரியமா அடிங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று தட்டிக் கொடுக்கிறார். உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று மெல்லக் கேட்டேன். ரெண்டு தெரு தள்ளி, சர்ச் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாராம்.