பொக்லைன் சீட்டில் உட்காரும் முன்

மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பார்களா, தள்ளிப்போகுமா என்ற பேச்சு டீக்கடைகளில் அடிபடத் தொடங்கினால், காரைக்கால் வாய்க்கால்களில் எந்திரச் சத்தமும் கேட்க ஆரம்பித்துவிடும். திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி என்று எந்தப் பக்கம் போனாலும் கோடையில் ஒரு பொக்லைன் ஆகாயத்தாமரையையும் சேற்றையும் அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருக்கும். கரையில் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பையன்களும் இருப்பார்கள். 'வயலில் இறங்குவதைவிட அந்த சீட்டில் உட்காரலாமே' என்ற நினைப்பு அங்கேதான் பிறக்கிறது. பிறகு வீட்டில் பேச்சு வரும். பயிற்சிக்குப் பணம், சில வீடுகளில் வண்டி வாங்கவே பணம்.

நினைப்பில் தவறில்லை. டெல்டாவில் விவசாய வீட்டுப் பிள்ளைக்கு இது பொருந்தும் தொழில்தான். ஆனால் பணத்தை எதில் போடுவது, எந்த வேலையில் உட்காரக் கூடாது என்ற இரண்டும் தெரியாமல் போனால், சம்பாதிக்கப் போன பிள்ளை வீட்டை நஷ்டத்தில் இழுத்துவிடும்.

மண் தெரிந்த கை

காவிரித் தீர்ப்பின்படி புதுச்சேரி மாநிலத்துக்கு, அதாவது காரைக்காலுக்கு, ஆண்டுக்கு 7 டி.எம்.சி. தண்ணீர். அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராஜன் ஆறு என்று கிளைபிரிந்து வந்து கடலைத் தொடுவதற்குமுன் அது வயலேற வேண்டும். கடைமடையில் வாட்டம் மிகக் குறைவு என்பதால் தூர்வாரும் ஆபரேட்டரின் கை அரை அடி தப்பினாலும் பிரச்னைதான். ஓர் இடத்தில் ஆழமாகத் தோண்டிவிட்டால் தண்ணீர் அங்கேயே குளமாக நிற்கும். வாய்க்கால் தரை மதகின் மட்டத்துக்கு மிகக் கீழே போய்விட்டால், வாய்க்காலில் நீர் ஓடினாலும் வயலுக்கு ஏறாது. முகத்துவாரம் பக்கம் கண்டபடி ஆழப்படுத்தினால் உப்புநீர் உள்ளே வரும். அள்ளிய மண்ணைக் கரையின் விளிம்பிலேயே கொட்டினால், ஐப்பசி மழையில் அது திரும்ப வாய்க்காலுக்குள்ளேயே போய்ச் சேரும்.

பொறியாளர் மட்டம் குறித்துக் கொடுப்பார். ஆனாலும் பக்கெட் பல்லில் சிக்குவது வண்டலா, பழைய தரையா என்று கையில் உணர்வது ஆபரேட்டர்தான். சம்பா நாற்றங்காலுக்கு மட்டம் பார்த்த கைக்கு இது சீக்கிரம் பிடிபடும். இந்தத் தொழிலில் விவசாய வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும் முதலீடு இதுதான். இதற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை.

இந்த எந்திரங்களே விவசாயத்திலிருந்து வந்தவை என்பது பலருக்குத் தெரியாது. பொக்லைன் என்பது பிரான்ஸ் நாட்டு நிறுவனத்தின் பெயர். 1920-களின் இறுதியில் விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் இந்தச் சொல் வழங்குவது பொருத்தம்தான், ஆனால் வண்டி வந்தது அவர்கள் போய்ப் பல ஆண்டுகள் கழித்து. ஜே.சி.பி.யும் அப்படியே. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1945-ல் ஒரு சின்னக் கொட்டகையில் முதலில் செய்தது, பண்ணைக்கான டிப்பர் டிரெய்லர். முன்னால் லோடரும் பின்னால் தோண்டும் கையும் வைத்த வண்டி 1953-ல் வந்தது. இந்தியாவில் 1979-லிருந்து தயாராகிறது.

வேலை எங்கே இருக்கிறது?

தூர்வாருவது இரண்டு, மூன்று மாத வேலை. மீதி மாதங்களுக்கு வேறு இடம் வேண்டும். கீழவாஞ்சூரில் 2009-ல் செயல்படத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் (2023 முதல் அதானி குழுமத்தின் வசம்) இந்தப் பகுதியின் பெரிய எந்திரக் களம். விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை, பேரளம் - காரைக்கால் ரயில் பாதையை மீண்டும் அமைத்தது, நாகை மாவட்டம் பனங்குடியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை விரிவாக்கம் என்று சுற்றுவட்டாரத்தில் மண் வேலைகள் தொடர்ந்து வந்திருக்கின்றன.

துறைமுக வேலை வாய்க்கால் வேலையைப் போன்றதல்ல. நிலக்கரிக் கப்பலில் கிரேன் அள்ளியது போக அடியில் ஒட்டியிருப்பதைக் கூட்டிக் குவிக்க, சின்ன லோடரையோ பொக்லைனையோ கிரேனில் கட்டிக் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே இறக்குவார்கள். நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். வண்டிப் புகையும் சேரும். உள்ளே இறங்குமுன் காற்றைச் சோதித்தார்களா என்று கேட்பது ஆபரேட்டரின் உரிமை. கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து இறங்குவது வேண்டாம்.

எப்படிக் கற்பது?

பழைய வழி ஹெல்பர் வழி. ஒரு ஆபரேட்டரிடம் சேர்ந்து காலையில் கிரீஸ் அடிப்பது, ஆயில் அளவு பார்ப்பது, ஏர் ஃபில்டர் தட்டுவது, டிப்பருக்குக் கை காட்டுவது என்று தொடங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் லீவரைத் தொட்டுப் பழகுவார்கள். ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகும், சம்பளமும் குறைவு. ஆனால் இப்படி வந்தவருக்கு வண்டியின் சத்தம் மாறினால் தெரியும். அது பெரிய விஷயம்.

புதிய வழி பயிற்சி மையம். இதில்தான் விழிப்பு தேவை. 'முப்பது நாளில் ஆபரேட்டர், வேலை உறுதி' என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் பணம் கட்டுமுன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இது: பையன் கையில் லீவர் எத்தனை மணி நேரம் இருக்கும்? ஒரு வண்டிக்கு இருபது பேர், நாளுக்கு நாலு மணி நேரம் ஓட்டம் என்றால் ஒருவருக்கு நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம். முப்பது நாளைக்கு ஆறு மணி நேரம். ஆறு மணி நேரத்தில் டிராக்டரே பிடிபடாது. வண்டியில் ஹவர் மீட்டர் இருக்கிறது. கணக்கை யாரும் மறைக்க முடியாது. சான்றிதழ் யார் தருகிறார்கள் என்பது அடுத்தது. மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைப்பின்கீழ் கட்டுமான எந்திரங்களுக்கென்றே தனித் திறன் கவுன்சில் இருக்கிறது. அதன் தேர்வில் தேறிய சான்றிதழைப் பெரிய கம்பெனிகள் மதிக்கின்றன. மையமே அச்சடித்துத் தரும் தாளுக்கு அந்த மதிப்பு இல்லை.

டயரில் ஓடும் வண்டியைச் சாலையில் எடுக்க ஓட்டுநர் உரிமம் வேண்டும். அந்த வகை வண்டி உரிமத்தில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். பைக், கார் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு ஜே.சி.பி.யைச் சாலையில் ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் அதையே காரணம் காட்டும்.

உயிர் போகும் இடங்கள்

20 டன் வகை பொக்லைன் கையை முழுதாகத் தூக்கினால் 9 மீட்டருக்கு மேல் போகும். வயல்வெளி மின்கம்பி அதற்குக் கீழேயே தொங்கும். கண்ணுக்கு முன்னால் மண் இருக்கும்போது தலைக்கு மேலே கம்பி இருப்பது மறந்துபோகும். அதனால் கம்பி இருக்கும் இடத்தில் கீழே நின்று கை காட்ட ஒருவர் கட்டாயம். ஒருவேளை கம்பியில் பட்டுவிட்டால் இறங்கி ஓடக் கூடாது. மின்சாரம் நிறுத்தப்படும்வரை சீட்டிலேயே இருக்க வேண்டும். யாரும் வண்டிப் பக்கம் வரக் கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதித்து, காலைப் பிரிக்காமல் தேய்த்துத் தேய்த்தே நகர வேண்டும்.

ஈரக்கரை அடுத்தது. களிமண் கரை மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே கூழாக இருக்கும். செயினைக் கரை விளிம்புக்குக் குறுக்காக நிறுத்தினால், மண் நழுவும்போது பின்னால் எடுத்துவிட முடியும். தான் நிற்கும் மண்ணின் அடியையே பறிப்பது, அவசரத்தில் பலர் செய்வது, வண்டியோடு வாய்க்காலில் விழவைக்கும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொன்று, வயலுக்கு அடியில் போகும் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள். நிரவியில் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். குழாய் எந்த வரப்பின்கீழ் போகிறது என்பது வெளியூர் ஆபரேட்டருக்குத் தெரியாது. மஞ்சள் அடையாளக் கல் எங்கே என்று நில உரிமையாளர் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். பண்ணைக்குட்டை வெட்டும்போதும் அப்படியே.

ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித்துளை கசிவை விரலால் தடவிப் பார்ப்பது புதியவர்கள் செய்யும் தவறு. உள்ளே இருக்கும் அழுத்தம் டிராக்டர் பின் டயரில் இருப்பதைப்போல 200 மடங்குக்கும் மேல். எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசுக் கடித்த புள்ளிபோலத்தான் தெரியும். வலி இல்லையென்று விட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம். அட்டையை வைத்துத்தான் கசிவைப் பார்க்க வேண்டும். தோலில் பட்டுவிட்டால் அன்றே மருத்துவமனை, 'ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சீட்டில் இருப்பவர்தான் மாட்டுவார்

ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும். 'ஆற்றங்கரையில் ரெண்டு மணி நேர வேலை, பேட்டா டபுள்.' இது மணல் வேலை. கனிமங்கள் சட்டத்தின் 21-வது பிரிவின்படி அனுமதியில்லாமல் மணல் அள்ளினால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு, வண்டியும் பறிமுதலாகும். ஆள் வரும்போது காண்ட்ராக்டர் அங்கே இருக்க மாட்டார். சாவியோடு சிக்குவது ஆபரேட்டர். சவுடு மண், குளத்து மண் எதுவானாலும் அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதில் சர்வே எண், ஆழம், தேதி இருக்கும். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சீட்டு 'ஆபீஸில் இருக்கிறது' என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லியனுப்ப வேண்டிய முதல் பாடம் இது.

நிலத்தை வைத்து வண்டி வாங்கலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடன் 25 லட்சம் ரூபாய், வட்டி 10 சதவிகிதம், நான்கு ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் ரூ.63,400. வாடகை மணிக்கு ரூ.1,200, டீசல் மணிக்கு 5 லிட்டர், லிட்டர் ரூ.90, ஆபரேட்டர் சம்பளம் ரூ.20,000 என்று கொள்ளலாம். அவரவர் ஊர் விலையை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். மாதம் 100 மணி நேரம் ஓடினால் வரவு ரூ.1,20,000. டீசல் ரூ.45,000, சம்பளம் போக மிச்சம் ரூ.55,000. தவணைக்கே ரூ.8,400 குறைகிறது. 150 மணி நேரம் ஓடினால் தவணை போக ரூ.29,100 நிற்கும், அதில்தான் டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், ஹோஸ், பக்கெட் பல் எல்லாம்.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் வண்டி வயலில் இறங்க முடியாது. அந்த மாதங்களில் ஹவர் மீட்டர் நின்றுவிடும், தவணை நிற்காது. அரசு வேலை செய்த காண்ட்ராக்டரிடமிருந்து பணம் வர மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. ஐந்தாறு ஆண்டு அடுத்தவர் வண்டியில் ஓட்டி, யார் ஒழுங்காகப் பணம் தருகிறார் என்று தெரிந்துகொண்டபின் வாங்குகிறவர்கள் நிலைக்கிறார்கள். பையன் படிப்பு முடித்த வருடமே நிலப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைப்பது சூதாட்டம்.

வளைகுடா ஆசை தனிக் கதை. அங்கே அனுபவமுள்ள ஆபரேட்டருக்குத் தேவை இருக்கிறது. பயிற்சித் தாளுக்கு இல்லை. அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவர், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர் இருவரிடமும் பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும்; அவர்கள் இந்த வழியில்தான் போக வேண்டும். 275 ரூபாய் கட்டினால் இரண்டு ஆண்டுகளுக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு தரும் பிரவாசி பாரதீய பீமா திட்டமும் அப்போது சேர்ந்துவிடும்.

உள்ளூரில் இருப்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். 18 முதல் 60 வயதுக்குள், முந்தைய ஓராண்டில் 90 நாள் கட்டுமான வேலை பார்த்திருந்தால் பதியலாம். காரைக்கால்காரர்களுக்குப் புதுச்சேரி வாரியம். பக்கத்தில் நாகூர், நாகப்பட்டினத்தில் குடியிருப்பவர்களுக்குத் தமிழ்நாடு வாரியம். கொத்தனார், சித்தாளுக்குத்தான் என்று நினைத்து ஆபரேட்டர்கள் பலர் பதிவதில்லை. பதிவைப் புதுப்பிக்கும் தேதியையும் வீட்டில் யாராவது காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். சைட்டில் இருப்பவருக்கு அது நினைவிருக்காது.