ஃப்ரீசரில் இனிக்காத கீரை

வடமேற்கு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் வட்டாரத்தில் குளிர்காலம் வந்தால் 'குரூன்கோல்' காலம். முட்டைக்கோஸின் நெருங்கிய சொந்தம். உருண்டை கட்டாது, சுருள்சுருளான தடித்த இலையாகவே நிற்கும். நாம் கேல் என்று கேள்விப்பட்டிருப்பது இதைத்தான். கூட்டாளிகள் கைவண்டியில் சாராயப் புட்டிகளை ஏற்றிக்கொண்டு குளிரில் நடப்பார்கள். நடை முடியும் விடுதியில், பன்றிக்கொழுப்பில் நெடுநேரம் வெந்த கீரையும் 'பிங்கல்' என்ற தொத்திறைச்சியும் காத்திருக்கும். கூட்டத்தில் ஒருவருக்குக் கீரை ராஜா பட்டமும் உண்டு. ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் ஆங்கெலா மெர்க்கெல்கூட ஓல்டன்பர்க் விருந்தில் ஒருமுறை ராணியாகியிருக்கிறார்.

உறைபனி விழுவதற்கு முன் இந்தக் கீரையைப் பறிக்கக் கூடாது என்பது அங்கே பழைய சட்டம். பறித்து ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் ஆகாதா? இலை மெத்தென்று ஆகும்; இனிப்பு ஏறாது. காரணம், இனிப்பைத் தருவது பனி அல்ல; குளிரில் உயிரோடு நிற்கும் செடி.

குளிர் கூடும்போது செடியின் வளர்ச்சி முதலில் படுத்துவிடுகிறது. ஒளிச்சேர்க்கை அத்தனை சீக்கிரம் நிற்பதில்லை. டிசம்பரில் அந்த ஊரின் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அந்தச் சொற்ப வெயிலிலும் இலை சர்க்கரை சமைக்கிறது. புதுத் தளிர் விட்டுச் செலவழிக்க வழியில்லாததால் சர்க்கரை இலையிலேயே சேர்கிறது. பறித்த இலையில் சமையல் ஏது?

இந்தச் சர்க்கரைதான் தண்ணீரை உறையவிடாமல் காக்கிறது என்று பலரும் எழுதுவார்கள். கணக்குப் போட்டால் இடிக்கிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு சர்க்கரை கரைந்த நீரின் உறைநிலை இறங்குவது ஏறக்குறைய 0.6 டிகிரிதான். கேலில் சில வகைகளோ மைனஸ் 15 டிகிரியைத் தாங்குகின்றன.

உண்மையில் செடி பனிக்கட்டியைத் தடுப்பதில்லை, அதற்கு இடம் ஒதுக்குகிறது. செல்களுக்கு வெளியே, இடுக்குகளில் உள்ள நீர்த்த திரவம் முதலில் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. மைனஸ் 10 டிகிரியில், அப்படி வெளியேறக்கூடிய நீரில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விடும். ஆக, பனியில் நிற்கும் கீரை படுவது வறட்சி. வற்றிச் சுருங்கும் செல்லின் மெல்லிய சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்துபோகாமல், நீர் விட்டுப்போன இடத்தில் நின்று காப்பதே சர்க்கரையின் முக்கிய வேலை. இன்னும் சில புரதங்களும் கூட வருகின்றன. இந்த ஏற்பாட்டுக்குச் சில நாள், சில வாரம்கூடப் பிடிக்கும்; அதனால்தான் எதிர்பாராமல் வரும் முதல் கடுங்குளிர் நல்ல செடியையும் கொன்றுவிடுகிறது.

ஜப்பானின் வடகிழக்கில் குளிரால் கீரையை இனிக்கவைப்பதையே தொழிலாக்கிவிட்டார்கள். பசலைக்கீரையைப் பிளாஸ்டிக் கூடாரத்தில் வளர்த்து, அறுவடைக்கு முன் பக்கவாட்டைத் திறந்து குளிர்காற்றை வேண்டுமென்றே உள்ளே விடுகிறார்கள். 'கன்ஜிமே' என்று பெயர். இலை தரையோடு படிந்து, தடித்து, சுருக்கம் விழுந்து, பார்க்க நோஞ்சானாகத்தான் இருக்கும். விற்பதே அந்தச் சுருக்கத்தைக் காட்டித்தான்.

உறைபனி விழுந்த காலையில் தோட்டத்துக்குப் போனால் கீரை கருத்து, கண்ணாடிபோல் விறைத்துத் தொங்கும். அப்போது கை வைத்தால் நொறுங்கிக் கூழாகும். பேசாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறியதும் பனி உருகி, நீர் செல்லுக்குள் திரும்பி, நண்பகலில் இலை நிமிர்ந்துவிடும். கத்தியை அப்போது எடுத்தால் போதும்.