சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறிக்கு ஓமியோபதி: சான்றும் பாதுகாப்பும்

முன்னுரை

பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் அதற்கு மறு ஆண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பெற்றன. பல மருத்துவ முறைகள் அருகருகே வழங்கும் இப்பகுதியில் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறிக்கு ஓமியோபதியை நாடும் பெண்களும் உளர். அம்மருத்துவத்திற்குள்ள சான்றையும் அதன் பாதுகாப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயின் இயல்பு

'நீர்க்கட்டி' என்னும் பெயர் தவறான பொருளைத் தருகிறது. ஸ்கேனில் தெரிவன கட்டிகள் அல்ல; வளர்ச்சி தடைப்பட்ட கருமுட்டை நுண்பைகள். 2003ஆம் ஆண்டு ராட்டர்டாம் வரையறைப்படி, சினைமுட்டை வெளியேற்றக் குறைபாடு, ஆண்மை இயக்குநீர் மிகுதி, ஸ்கேனில் காணும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றனுள் இரண்டு இருத்தல் வேண்டும். பிற காரணங்களும் விலக்கப்பட வேண்டும். எனவே, 'கட்டி கரைந்தது' என்னும் ஸ்கேன் முடிவு மட்டுமே நோய் நீங்கியதற்குச் சான்றாகாது.

ஆய்வுச் சான்று

இந்தியாவில் 60 பெண்களிடம் நிகழ்த்தப்பெற்ற முன்னோடி ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. இரு குழுவினருக்கும் வாழ்க்கைமுறை மாற்றம் அறிவுறுத்தப்பட்டது. ஒரு குழு ஓமியோபதி மருந்தையும் மற்றது வெற்று மருந்தையும் பெற்றது. மருந்துக் குழுவில் 18 பேருக்கு மாதவிடாய் சீரடைந்து பிற அறிகுறிகளும் குறைந்தன. ஒப்பீட்டுக் குழுவில் ஒருவருக்கும் அவ்வாறு நிகழவில்லை. இம்முடிவை இரு காரணங்களால் எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். முதலாவது, இது ஒற்றை மறைப்பு ஆய்வு; எக்குழு எது என்பதை மருத்துவர் அறிந்திருந்தார். இரண்டாவது, வாழ்க்கைமுறை மாற்றம் தானே சிலருக்குப் பயன்தருவது. அதனைப் பின்பற்றிய குழுவில் பயன் அறவே காணப்படாமை விளக்கம் வேண்டுவது. இரட்டை மறைப்புடைய பெரிய ஆய்வுகள் இதனை உறுதிசெய்யும்வரை இது தொடக்கநிலைச் சான்றே.

பாதுகாப்பு

30சி மருந்தில் மூலப்பொருள் 100 மடங்காக 30 முறை நீர்க்கப்படுகிறது. 12சி நிலையைக் கடந்தாலே மூலக்கூறு ஒன்று எஞ்சுவதும் அரிது. ஆகவே நேரடித் தீங்கும் அரிது. தாய்த்திரவங்களுக்கும் குறைந்த வீரியங்களுக்கும் இவ்விதி பொருந்தாது. அவற்றில் மூலப்பொருள் உண்டு.

பெரிய இடர் காலத்தாழ்வில் உள்ளது. மாதவிடாய் நெடுநாள் வாராதிருப்பின் கருப்பையின் உட்படலம் தடித்து, காலப்போக்கில் புற்றாக மாறும் வாய்ப்பு மிகுகிறது. இந்நோயினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பும் மிகுதி.

முடிவுரை

ஓமியோபதியைத் தேர்ந்தவர்க்கும் மூன்று காப்புகள் இன்றியமையாதன: குளுக்கோஸ் பரிசோதனை, 90 நாள்களுக்கு மேல் மாதவிடாய் வாராவிடின் மகப்பேறு மருத்துவரின் ஆய்வு, முன்னர் உட்கொள்ளும் மருந்துகளைத் தாமே நிறுத்தாமை. இவை பேணப்படாதபோது, தீங்கற்றதெனக் கருதப்படும் மருந்தும் தீங்கிற்கு வழியாகும்.