கரி இல்லாத எஃகின் விலை

இரும்புத்தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்த பொருள். ஆக்சிஜனைப் பிரித்தால்தான் இரும்பு கிடைக்கும். ஊது உலையில் அந்த வேலையைச் செய்வது கற்கரி. நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டெடுத்த இக்கரி, எரிந்து வெப்பம் தருவதோடு தாதிலுள்ள ஆக்சிஜனையும் கவர்ந்துகொண்டு கரியமில வாயுவாக வெளியேறுகிறது. ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. அனல்மின் நிலையத்தை மூடிவிட்டுக் காற்றாலைக்கு மாறுவதுபோல எஃகு ஆலை மாற முடியாததற்குக் காரணம் இதுதான். இங்கே நிலக்கரி எரிபொருள் மட்டுமல்ல, தாதை இரும்பாக்கும் பொருளும்கூட.

மாற்று வழிகள் இரண்டு. காயலான் கடைக்குப் போகும் பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்குவது எளிய வழி. ஆனால் உலகத் தேவைக்குப் பழைய இரும்பு போதாது. இன்னொன்று, கற்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு ஆக்சிஜனைப் பிரிப்பது. அப்போது வெளியேறுவது வெறும் நீராவி. சுவீடனின் லூலியோவில் இம்முறையில் சோதனை ஆலை அமைத்து, அதிலிருந்து உருவான எஃகை 2021இல் வோல்வோ நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். நீரை மின்சாரத்தால் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பதையும் சேர்த்தால், இந்த வழியில் ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 3,500 யூனிட் மின்சாரம் ஆகும். நீர்மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் வட சுவீடனுக்கு அது கட்டுப்படியாகலாம். மற்ற இடங்களில் ஆலையின் தலைவிதி மின்கட்டணத்தின் கையில்.

ஆலைகளை மாறத் தூண்டுவதற்காக ஐரோப்பிய ஒன்றியம், 2005 முதல் கரியமில வாயுவை வெளியிட ஆலைகள் உரிமச் சீட்டு வாங்க வேண்டும் என்று விதித்தது. உற்பத்தி வெளிநாட்டுக்கு ஓடிவிடுமோ என்ற அச்சத்தில் எஃகு ஆலைகளுக்குப் பெரும்பாலான சீட்டுகளை இலவசமாகவே கொடுத்துவந்தது. அந்தச் சலுகை 2026இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து 2034இல் முடிகிறது. ஈடாக, இறக்குமதி எஃகுக்கும் எல்லையில் அதே கணக்கில் கட்டணம் உண்டு. இந்தியாவிலிருந்து போகும் எஃகும் இதற்குத் தப்பாது.

மானியம் கிடைத்தாலும் கணக்கு நேராகிவிடுவதில்லை. ஜெர்மனியின் பிரேமன், ஐசன்ஹூட்டன்ஷ்டாட் ஆலைகளை ஹைட்ரஜன் முறைக்கு மாற்ற ஆர்சலர்மிட்டல் நிறுவனத்துக்கு 130 கோடி யூரோ மானியம் ஒதுக்கப்பட்டிருந்தது. மின்சாரம் விலை அதிகம், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் எடுக்கும் பசுமை ஹைட்ரஜன் கைக்கெட்டவில்லை என்று கூறி 2025 ஜூனில் நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டது.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீல் மின்வில் உலைக்கு மாறத் தொடங்கிவிட்டது. 125 கோடி பவுண்டுத் திட்டத்தில் 50 கோடி அரசின் பணம். கடைசி ஊது உலை 2024 செப்டம்பர் 30இல் அணைந்தது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டதும் அதே நாளில்தான். புதிய மின்வில் உலையோ 2027 இறுதிக்கு முன் ஓடாது. ஓடும்போது ஆலையின் கரியமில வாயு சுமார் 90 சதவீதம் குறையும் என்பது மதிப்பீடு. அந்த ஆதாயம் உண்மையானது. அதற்கான விலையை முதலில் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். பிரிட்டன் முழுவதும் 2,800 பேர் வரை வேலை இழப்பார்கள் என்று அறிவிக்கப்பட்டது. பெரும்பகுதி போர்ட் டால்பட்டிலேயே. ஊது உலைப் பணியாளரின் பல ஆண்டுத் தேர்ச்சிக்கு மின்வில் உலையில் இடம் குறைவு. ஆட்களும் குறைவாகவே தேவை. இடைக்காலத்தில் அங்குள்ள உருட்டாலைகள், கடல் கடந்து வரும் எஃகுப் பாளங்களால் ஓடுகின்றன. அந்தப் பாளங்களுக்கான புகை வேறு நாட்டுக் கணக்கில் ஏறுகிறது.

இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் எஃகு ஆலையில், பிரிட்டனுக்கு எஞ்சியிருந்த இரண்டு ஊது உலைகளும் 2025இல் அணையும் நிலை வந்தது. உலை ஆறிவிட்டால் மீண்டும் மூட்டுவது மிகக் கடினம். ஏப்ரல் 12, சனிக்கிழமையன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவசரமாகக் கூடிச் சட்டம் இயற்றியது. அரசு ஆலையின் நிர்வாகத்தைக் கையிலெடுத்து, மூலப்பொருள்களை வரவழைத்து, உலைகளை எரியவைத்தது.