அணையை மூடிய பிறகு ஏறும் தண்ணீர்

ஜூலை மாதம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வொயிட் ரிவர் என்ற ஆற்றில் கயாக்கை இறக்கத் தண்ணீரில் கால் வைத்தால், ஐந்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. பக்கத்தில் பனிமலை எதுவும் கிடையாது. கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டர்கூட உயரமில்லாத இடம் அது. "அப்பா, இவ்வளவு குளிர் எங்கேயிருந்து வருது?" என்று என் பொண்ணு கேட்டாள். அதற்குப் பதில் தேடித்தான் இந்த ஆற்றைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பாதிதான் படித்திருந்தேன் என்பது பிறகு தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குளிருக்குக் காரணம் புல் ஷோல்ஸ் அணை. வெள்ளத் தடுப்புக்கும் மின்சாரத்துக்கும் ராணுவப் பொறியாளர் படை கட்டியது. 1952-இல் அதிபர் ட்ரூமன் நேரில் வந்து திறந்துவைத்தார். ஆழமான ஏரியில் கோடைக்காலத்தில் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். வெயில் பட்ட மேல் தண்ணீர் லேசானது, அது மேலேயே நிற்கும். குளிர்காலத்தில் குளிர்ந்த கனமான தண்ணீர் அடியில் தங்கிவிடும். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. டர்பைனுக்குத் தண்ணீர் எடுக்கும் வாய் ஆழத்தில் இருக்கிறது. ஆக, ஜனவரியின் குளிரைப் பத்திரப்படுத்தி ஜூலையில் வெளியே விடுகிற கிடங்கு இந்த அணை. வருகிற தண்ணீர் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ்.

இதில் அடிபட்டது ஊர் மீன்தான். ஸ்மால்மவுத் பாஸ் போன்ற வெதுவெதுப்பான தண்ணீர் மீன்கள் இந்தக் குளிரில் பெருக முடியவில்லை. அந்த இழப்பை ஈடுகட்ட மத்திய அரசு பக்கத்திலேயே, நார்ஃபோர்க் என்ற இடத்தில், 1957-இல் ஒரு பொரிப்பகம் அமைத்து ட்ரௌட் குஞ்சுகளை வளர்த்து விட ஆரம்பித்தது. ரெயின்போ ட்ரௌட் பசிபிக் கரையோர மீன், பிரௌன் ட்ரௌட் ஐரோப்பிய மீன். இரண்டுமே இந்த ஆற்றுக்கு வந்தேறிகள். நம் ஊரிலும் ட்ரௌட் வந்தேறிதான்: ஊட்டிக்குப் பக்கம் அவலாஞ்சியில் 1907-இலேயே பொரிப்பகம் வைத்தார்கள். அங்கே குளிரைத் தந்தது மலை, இங்கே தருவது கான்கிரீட்.

சரி, இதில் கயாக் எதற்கு? கரையில் நின்றே பிடிக்கலாமே?

ட்ரௌட் ஓட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து ஒரே இடத்தில் நிற்கும் மீன். பாறைக்குப் பின்னால், அல்லது வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசுகிற கோட்டில் நின்றுகொண்டு, மிதந்து வரும் பூச்சியை வாய்க்குள் வாங்கும். அதற்கு ஒன்று நன்றாகத் தெரியும்: உண்மையான பூச்சி தண்ணீரின் வேகத்திலேயே வரும். கரையில் நிற்பவரின் தூண்டில் நரம்பு பல வேக ஓட்டங்களைக் குறுக்கே கடக்கிறது. நடுவில் வேகமான தண்ணீர் நரம்பை இழுக்க, முனையிலிருக்கும் இரை பக்கவாட்டில் சறுக்குகிறது. மீன் திரும்பிக்கூடப் பார்க்காது.

கயாக்கில் நீங்களும் தண்ணீரோடு போகிறீர்கள். பிளஸ் டூ இயற்பியலில் படித்த சார்பு வேகம்தான், உங்களுக்கும் இரைக்கும் இடையில் அது பூஜ்யம். ஆனால் முழுக்கப் பூஜ்யம் இல்லை என்பதை மூன்று நாள் வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான் புரிந்துகொண்டேன். கற்களின் உராய்வால் ஆற்றின் அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிட மெதுவாகப் போகும். மேலே மிதக்கும் கயாக், அடியில் இருக்கும் இரையை மெல்ல இழுத்துக்கொண்டே போகிறது. அதனால் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, துடுப்பை அவ்வப்போது ஒரு போடு போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். ஈயக்குண்டு கல்லில் "டொக், டொக்" என்று தட்டிக்கொண்டே வந்தால் வேகம் சரி.

நங்கூரம் போட்டு நின்றுவிடலாமே என்று தோன்றும். ஓடும் தண்ணீரில் வேண்டவே வேண்டாம். கயிறு பக்கவாட்டில் மாட்டினால் ஆறு அந்தப் பக்கத்தைக் கீழே அழுத்தும். 10 டிகிரி தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதலில் வருவது மூச்சுத்திணறல், நீச்சல் தெரிவது அதற்குப் பிறகுதான் உதவும். லைஃப் ஜாக்கெட்டை உட்காருமிடத்தில் மடித்து வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இனி அந்தக் கடைசி விஷயம். புல் ஷோல்ஸில் எட்டு டர்பைன்கள். எட்டும் ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ 24,000 கனஅடி. எதுவும் ஓடாத நேரத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து போகலாம். எது எப்போது என்பதை வெயிலோ மழையோ மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கோ இருக்கும் ஊர்களில் எத்தனை ஏசி ஓடுகிறது என்பதும் தீர்மானிக்கிறது. மறுநாளுக்கான உத்தேச அட்டவணை வெளியாகும். நானும் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

போன கோடையில் போனது ரிம் ஷோல்ஸ் என்ற இடம். அணையிலிருந்து ஆற்று வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அட்டவணையில் காலை 7 முதல் 10 வரை பலமான உற்பத்தி, பிறகு ஒன்றுமில்லை. நாங்கள் போனது 11 மணிக்கு. ஆறு தாழ்ந்து, கூழாங்கல் திட்டுகள் வெளியே தெரிந்தன. "தண்ணி வடிஞ்சிடுச்சு, இனி பயமில்லை" என்றேன்.

வடியவில்லை. இன்னும் வந்தே சேரவில்லை.

ஏறும் தண்ணீரின் தலை, வேகமாக நடக்கும் மனிதனின் வேகத்தில்தான் ஆற்றில் இறங்கி வருகிறது. ஏழு மணிக்குத் திறந்தது ஒரு மணிவாக்கில்தான் அங்கே வரும். இருபது வருஷமாக சர்வர்களின் லேட்டன்சியைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் நான். அனுப்பிய நேரத்தையும் வந்து சேரும் நேரத்தையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். வடிந்த ஆறும் ஏறாத ஆறும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அணையில் ஊதும் எச்சரிக்கைச் சங்கும் இவ்வளவு தூரம் கேட்காது.

ஒன்றரை மணிக்கு நடு ஆற்றுத் திட்டு ஒன்றில் உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அப்பா, என் செருப்பைக் காணோம்" என்றாள். ஓரத்தில் கழற்றி வைத்திருந்த இடம் தண்ணீருக்குள் இருந்தது. மேலேயிருந்து சருகும் பாசியும் மிதந்து வந்தன. அதுதான் முதல் அறிகுறி, அரை மணியாகக் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவளுடைய கயாக் பாதி மிதந்து கிளம்பிவிட்டது. அதைத் துரத்த ஓரடி வைத்தேன், தண்ணீர் தொடையைத் தள்ளியது, விட்டுவிட்டேன். என் கயாக்கில் அவளை முன்னால் உட்காரவைத்துக் கரை சேர்ந்தபோது நாங்கள் சாப்பிட்ட இடம் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். நான்தான் சொன்னேன்.

இப்போதும் போகிறோம். அட்டவணை நேரத்தோடு தூரத்துக்கான மணிகளைக் கூட்டித் தாளில் எழுதிக்கொள்கிறேன். அட்டவணையே கடைசி நேரத்தில் மாறலாம் என்பதால், திட்டில் இறங்கியதும் முதல் வேலையாகப் பொண்ணு தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, மார்க்கரால் கோடு போடுவாள். இந்த ஜூனில் அந்தக் கோடு மறைந்தபோது என் தூண்டிலில் ஒரு நல்ல பிரௌன் ட்ரௌட் இழுத்துக்கொண்டிருந்தது. நரம்பை வெட்டிவிட்டுக் கிளம்பினோம்.