காற்றுக்கு அசையாத பிரமிட் கூடாரம்... வீட்டிலேயே தைக்கலாம்!

1912 மார்ச் இறுதியில், தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ராபர்ட் ஸ்காட்டும் இரு தோழர்களும் பனிப்புயலில் சிக்கி உயிரிழந்தார்கள். நவம்பரில் தேடிச் சென்ற குழு கண்டது, பனி மூடியும் விழாமல் நின்ற அவர்களின் கூடாரத்தை! மேலே ஒரே உச்சி, சுற்றிலும் சரிவு. காற்று வந்து மோத அதில் நேர்ச்சுவர் கிடையாது.

அதே தத்துவத்தில், நடுவே ஒரே கம்பு வைத்து நிறுத்துவதுதான் பிரமிட் கூடாரம். தையல் மெஷின் இருந்தால் நீங்களே தைக்கலாம். அது விறைப்பாக நிற்க வேண்டும் என்பதுதான் சவால். தொய்ந்தால் இரவெல்லாம் படபடக்கும், மழைநீர் தேங்கும், பலத்த காற்றில் தையல் பிரியும்.

அளவு என்ன?

தரையில் 2.4 மீட்டர் சதுரம், உயரம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிதாகரஸ் கணக்குப்படி ஒவ்வொரு பக்கத்தின் சரிவு உயரம் சரியாக 2 மீட்டர்; மூலை விளிம்பு 2.33 மீட்டர். 1.5 மீட்டர் அகலத் துணியில் முழு முக்கோணம் அடங்காது. பக்கத்துக்கு இரண்டாக 8 செங்கோண முக்கோணங்கள் வெட்டி இணையுங்கள். தையலுக்கு 2 செ.மீ. கூடுதலாக விடுங்கள். ஒரு பக்கத்தின் நடு இணைப்பில் ஜிப் வைத்தால் வாசல் தயார்.

வளைவில்தான் ரகசியம்

பிளவுஸ் தைப்பவர்களுக்குத் தெரியும்... பாவு, ஊடை நூல்களின் போக்கில் துணி அதிகம் இழுபடாது, கிராஸில் இழுபடும். பிரமிட்டின் நான்கு மூலை விளிம்புகளும் கிராஸில்தான் வருகின்றன. நேர்கோடாக வெட்டினால் நீண்டு தொய்ந்துவிடும். எனவே அவற்றை லேசான உள்வளைவாக வெட்ட வேண்டும். மூலையை இழுக்கும்போது வளைவு நேராக முயலும். அந்த இழுவை துணி முழுக்கப் பரவி விறைப்பாக்கும்.

சுவரில் 2.33 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, மெல்லிய சங்கிலியை நடுவில் 3 செ.மீ. தொங்கும்படி மாட்டுங்கள். அந்த வளைவை அட்டையில் வரைந்து, 8 துண்டுகளுக்கும் அதே அட்டையை வைத்து வெட்டுங்கள். ஒன்று மாறினாலும் கூடாரம் கோணிக்கொள்ளும்.

தையலில் கவனிக்க...

* நைலான் ஈரத்தில் நீளும். சிலிகான் பூசிய பாலியெஸ்டர் துணியும் பாலியெஸ்டர் நூலும் நல்லது.
* குண்டூசி குத்திய ஓட்டையில் நீர் ஒழுகும், கிளிப் போடுங்கள்.
* ஜீன்ஸில் இருப்பதுபோல மடித்து, இரட்டைத் தையல் போடுங்கள்.
* உச்சிக்கும் மூலைகளுக்கும் கெட்டித் துணி ஒட்டுப்போடுங்கள்.
* கடைசியில் தையல்மேல் சிலிகான் சீலன்ட் பூசுங்கள்.

நிறுத்தும் முறை

முதலில் நான்கு மூலைகளிலும் முளை அடியுங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் 3.39 மீட்டர் இருந்தால்தான் சரியான சதுரம். பிறகு கம்பை உயர்த்தி, மூலைக் கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைப் பறிக்கும்.

விலை உயர்ந்த துணியை வெட்டும் முன், பழைய வேட்டியில் கால் பங்கு அளவில் தைத்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு விளையாட ஒரு குட்டிக் கூடாரம் கிடைத்துவிடும்!