கரார் எழுதிய பிறகு கண்ட கரையான்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பிறர் கட்டிய வீட்டை வாங்கிப் பார் என்று சொல்ல ஏனோ மறந்துவிட்டார்கள்.

இடவப்பாதி மழைக்குச் சில வாரங்கள் முன்பு என் அத்தான் காஞ்சிரங்குளத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கக் கரார் எழுதினார். பாறசாலைப் பக்கம் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். 12 சென்ட் புரையிடம், வீடு, கிணறு எல்லாம் சேர்த்து 62 லட்சம் ரூபாய். முன்பணம் 3 லட்சம். விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்த பிறகு இந்தப் பக்கத்துத் தரகர்கள் அதன் பெயரைச் சொல்லாமல் சென்ட் விலை பேசுவதில்லை. ‘இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கிடையாது’ என்ற அவசரத்தில் அத்தானும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆசாரியையும் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனது அதற்குப் பிறகுதான். முன்னதாகவே போயிருக்க வேண்டும். அதை அக்காள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆசாரி பேசவில்லை. ஏணி போட்டு ஏறி, உளிப்பிடியால் உத்தரத்தைத் தட்டிக்கொண்டே போனார். அயனி மரம், ‘கிண் கிண்’ என்று கேட்டது. வடக்கு மூலைக்கு வந்ததும் சத்தம் மாறியது. உளிமுனையை வைத்து அழுத்தினார், இரண்டு அங்குலம் உள்ளே போயிற்று. பளபளவென்ற புதுப் பெயிண்டுக்குப் பின்னால் உத்தரம் வெறும் கூடாயிருந்தது. மேலே ஏழு பனங்கைகளிலும் கரையான் மண் ஏறியிருந்தது.

கொத்தனார் கண்டது வேறு. கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே நாடா பிடித்தார். ஐந்து மீட்டர்கூட இல்லை. கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் கேட்பது 7.5 மீட்டர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் செம்மண் ஆழமானது, பொலபொலப்பானது, தண்ணீரை விரைவில் உள்வாங்குவது. வாழைக்கும் மரச்சீனிக்கும் நல்லதுதான். ஆனால் குழிக்கருகே கிணறு இருந்தால் அந்தக் குணமே வினையாகிறது.

மரவேலையும் ஓடு மாற்றி மேய்வதும் 2,40,000 ரூபாய். புதுக்குழி வெட்டி, பழையதை மூடி, கிணறு இறைத்துச் சுத்தம் செய்ய 90,000. மின்கம்பிகள் மாற்ற 70,000. ஆக மொத்தம் 4 லட்சம்.

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கராரை முறித்து விடலாமா என்றார் அத்தான். முறித்தால் முன்பணம் என்னாவது?

சட்டம் இதில் இரண்டு பக்கமும் பேசுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-ஆவது பிரிவைப் பாருங்கள். விற்பவர் அறிந்த, வாங்குபவர் அறியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் புலப்படாத பெருங்குறை எதுவாயினும் விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் மோசடி. தகுந்த காரணத்தோடு பின்வாங்குகிறவரின் முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே பாத்தியதை உண்டு. ஆனால், ஏணி போட்டுத் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று எதிர்த்தரப்பு கேட்டால்? குழியும் கிணறும் கண்ணெதிரே இருந்தவைதானே? காரணமில்லாமல் பின்வாங்கினார் என்று தீர்ந்தால் முன்பணம் அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒரே வார்த்தையில், ‘பேசித் தீருங்கள்’ என்றார்.

பேசப் போனபோது அத்தான் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. ‘வீடு மோசம்’ என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆசாரியும் கொத்தனாரும் எழுதிய கணக்கைத் திண்ணையில் விரித்து வைத்து, பெரியவரையும் ஆசாரியோடு ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னார்.

பெரியவர் இறங்கி வந்து நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “சாரே, பெயிண்ட் அடிச்சது வீடு விக்கதுக்கு இல்லை. மகளுக்க கல்யாணத்துக்கு அடிச்சது” என்றார். நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கல்யாணக் கடனை அடைக்கத்தான் வீட்டையே விற்கிறார் என்பது தெரியும்.

“பழைய வீட்டுக்கு நான் விலை போடலை சாரே, மண்ணுக்குத்தான் போட்டேன்” என்றார் அடுத்து. அதிலும் நியாயம் இருந்தது. பழைய வீடு வாங்குகிறவர், ஓடு மேய்கிற செலவு என்றைக்காவது வரும் என்று எண்ணித்தான் வாங்க வேண்டும். 40 ஆண்டு ஓடிய மின்கம்பிக்கு முழுவிலையும் அவரிடம் கேட்பது முறையல்ல என்று அத்தானே அந்த 70,000-ஐ விட்டுக்கொடுத்தார். அதன்பின் பேச்சு இளகியது. மரத்துக்காக விலையில் 2 லட்சம் குறைவு. புதுக்குழியைப் பெரியவர் தம் செலவில், ஆதாரம் பதிவதற்கு முன்பே வெட்டித் தருவது. கிணறு இறைப்பு எங்களுடையது.

மரவேலையையும் தாமே செய்து தருவதாகப் பெரியவர் சொன்னார். அதற்கு மட்டும் அத்தான் சம்மதிக்கவில்லை. விட்டுப் போகிற வீட்டில் யாரும் அயனி வாங்கி வைக்க மாட்டார்கள். குழி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்பதை நாடா பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். கூரைக்குள் போகிற மரத்தின் தரத்தை அப்படிப் பார்க்க முடியாது. பேசியதெல்லாம் அன்றே கராரின் பின்பக்கத்தில் எழுதப்பட்டு, இரண்டு தரப்பும் சாட்சிகளும் ஒப்பமிட்டார்கள். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசின் நியாய மதிப்புக்கு மேலே நிற்கிற விலையானால், குறைகிற 2 லட்சத்துக்கு 20,000 ரூபாய் அந்த வகையிலும் மிச்சம்.

விலையைக் குறைத்துத் தீர்க்க முடியாத குறையும் உண்டு. நம்மவர்கள் ‘நிலம்’ என்றால் எந்த மண்ணையும் சொல்வோம். இங்குள்ள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீட்டு மனை ‘புரையிடம்’. மலையாள ஆதாரத்தில் ‘நிலம்’ என்று கண்டு நம்மவர் ஒருவர் பேசாமலிருந்துவிட்டால், 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கிக்கொள்வார். டேட்டா பேங்கில் ஏறாத மண்ணானால், 2018-இன் திருத்தப்படி விண்ணப்பித்து மாற்றிக்கொள்ள வழியுண்டு. அந்த அலைச்சலை விற்கிறவர் முடித்துத் தரட்டும். அதுவரை முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நல்லவேளை, எங்கள் 12 சென்டும் புரையிடம்தான்.

ஆதாரம் பதிவான வாரத்தில் இடவப்பாதி பிடித்துக்கொண்டது. வடக்கு மூலையில் ஓடு பிரித்தபடி கிடக்க, தார்ப்பாய்க்கு அடியில் ஆசாரி புது உத்தரத்தை இழைத்துக்கொண்டிருந்தார். வீட்டைக் காலி செய்து போன பெரியவர் மறுநாள் குடையோடு வந்தார். மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அயனிதானே?” என்று கேட்டார்.